நாரைகளின் ஐந்து முழங்கால்கள்

சுரங்கப் பணி முகாம்
பிப்ரவரி 6

அண்ணாவுக்கு,

அம்மாவுக்கும் அண்ணிக்கும் தனியாக எழுதியிருக்கிறேன். இது உனக்கு மட்டும், ஒரு வேலையாக.

நான் கிளம்புவதற்கு முந்தின நாள் சாப்பாட்டு மேசையில் நீ சொன்னதைப் பற்றி இதில் பேசப்போவதில்லை. "என் ஆட்டத்த முடிச்சு வச்சவளே நீதான். நீ எனக்கு மேட்ச் டிக்கெட் வாங்கித் தரியா?" என்று கேட்டாய். பன்னிரண்டு வருஷமாக உன் மனதில் இருந்தது வெளியே வந்தது, அவ்வளவுதான். ஸ்கூட்டரை ஓட்டியது நான். அதில் மறுத்துப் பேச எனக்கு எதுவும் இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். இங்கே போன் எடுக்காது, இணையம் கிடையாது. மலைக்குள் இரண்டு பக்கத்திலிருந்தும் குடைந்துகொண்டு வருகிறார்கள். இரண்டு துளையும் ஒரே கோட்டில் வருகிறதா என்று அளந்து சொல்வது என் வேலை. ஜூலை வரை இறங்க முடியாது. வியாழக்கிழமை வரும் காய்கறி லாரிதான் தபாலையும் கொண்டுவரும்.

என் அறையில் இருக்கும் கம்ப்யூட்டரில் ஒரு விளையாட்டு இருக்கிறது. கூடைப்பந்து, ஆனால் பந்தை யாரும் தொடுவதில்லை. பன்னிரண்டு பேர் சேர்ந்து ஒரு லீக் நடத்துகிறோம். ஆளுக்கு ஓர் அணி. வீரர்கள் எல்லாம் கம்ப்யூட்டர் உண்டாக்கிய ஆட்கள். ஒவ்வொருவருக்கும் வயது, உயரம், திறன் மதிப்பெண், காய வரலாறு எல்லாம் உண்டு. யாரை இறக்குவது, யாரை உட்காரவைப்பது, யாரை அடுத்த அணியோடு மாற்றிக்கொள்வது, யாரை வீட்டுக்கு அனுப்புவது என்பதை நாங்கள் முடிவு செய்வோம். லீக்கை நடத்துபவர் ஒரு பல் டாக்டர். வெள்ளிக்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்கு அந்த வாரத்து ஆட்டங்களை ஓட்டி முடிவைச் சொல்வார். அதற்குள் ஆடும் ஐந்து பேரை அனுப்பிவிட வேண்டும். மூன்று வெள்ளி தவறினால் அணி வேறொருவர் கைக்குப் போய்விடும்.

என் அணியின் பெயர் நாரைகள். ஆறு வருஷம் வளர்த்தது. பார்த்துக்கொள்வதாகச் சொன்ன தோழிக்கு இரட்டைக் குழந்தை பிறந்திருக்கிறது. ஒரு வெள்ளி ஏற்கெனவே போய்விட்டது. நம் வீட்டில் கூடைப்பந்து தெரிந்த ஒரே ஆள் நீ. உன்னிடம் கேட்கக் கூடாது என்று இரண்டு வாரம் பார்த்தேன். வேறு வழி தெரியவில்லை.

கடவுச்சொல்லை விசைப்பலகைக்கு அடியில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கை


பிப்ரவரி 15

தங்கைக்கு,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை பதினொன்றரைக்கு வந்தது. வெள்ளிக்கிழமைகளில் கடைக்கு அரை நாள் லீவு. யோசிக்க எனக்கு அரை மணி நேரம்கூட நீ கொடுக்கவில்லை.

கம்ப்யூட்டரைத் திறந்தேன். ஐந்து கட்டம் இருந்தது, ஐந்து பேரைப் போட்டேன், அனுப்பினேன். மூன்று ஆட்டத்திலும் தோற்றோம். ஒன்றில் நாற்பத்தொரு புள்ளி வித்தியாசம். அந்தப் பல் டாக்டர், "நாரைகள் தலைகீழாக நிற்கின்றனவா?" என்று செய்தி அனுப்பியிருக்கிறார். யார் என்று கேட்டதற்கு, "அவளோட அண்ணன்" என்று எழுதினேன். "ஓ, அந்த அண்ணனா" என்றார். எந்த அண்ணன் என்று எனக்குப் புரியவில்லை. உனக்கு வேறு அண்ணன் யாரும் இருப்பதாக அம்மா சொல்லவில்லை.

நான் இதை வாரா வாரம் செய்வேன் என்று நினைத்துக்கொள்ளாதே. பந்தையே தொடாத ஆட்டம் என்ன ஆட்டம்? நாள் முழுக்கக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டுகிறவன் வீட்டுக்கு வந்தும் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு உட்கார வேண்டுமா?

ஆனால் தோற்றது நன்றாக இல்லை. ஏழடி உயரக்காரன் ஒருவன் இருக்கிறானே, அவன் ஏன் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடினான்? எழுது.

அம்மாவுக்கு ரத்த அழுத்தம் சரியாக இருக்கிறது.

அண்ணன்


பிப்ரவரி 26

அண்ணாவுக்கு,

நீ கட்டங்களை மேலிருந்து கீழாக நிரப்பியிருக்கிறாய். முதல் கட்டம் பந்தைக் கொண்டுபோகிற ஆளுக்கு, கடைசிதான் சென்டருக்கு. ஏழடிக்காரன் பெயர் தூண். அவனை வைத்துப் பந்தைத் தட்டவைப்பது, பீரோவை வைத்துக் கயிறு தாண்டவைப்பது மாதிரி. பந்தைக் கொண்டுபோக வேண்டியவன் எறும்பு. குள்ளம், ஆனால் லீக்கிலேயே அவனைவிடப் பந்தைப் பகிரத் தெரிந்தவன் கிடையாது. பெயர்கள் நான் வைத்தவை. கம்ப்யூட்டர் வைத்த பெயர்களை வாயில் நுழைக்க முடியாது.

ஆடும் நேரத்தை ஆள் ஆளுக்குப் பிரித்துக் கொடு. எல்லோருக்கும் நாற்பது நிமிஷம் என்று போட்டிருப்பாய். இவர்கள் கம்ப்யூட்டர் ஆட்கள்தான், இருந்தாலும் மூச்சு வாங்கும்.

ஒரே ஒரு விதி. யாரை வேண்டுமானாலும் உட்காரவை, யாரை வேண்டுமானாலும் மாற்று. காயம்பட்டவனை மட்டும் வெளியே அனுப்பாதே. பல் டாக்டர் ஆசை காட்டுவார். கேட்காதே.

நீ செய்ததற்கு நன்றி. இந்த வாரம் இங்கே பனிமூட்டம். கருவியை நிறுத்தி ஒரு கோணம் அளக்க நான்கு மணி நேரம் காத்திருந்தேன். எந்த அளவையும் மூன்று முறை சரிபார்க்காமல் எழுதமாட்டேன் என்பதால் என் தலைமை அளவையாளர் என்னை "மூணு தடவை" என்று கூப்பிடுகிறார்.

தங்கை


மார்ச் 10

சின்னவளுக்கு,

இரண்டு வாரத்தில் ஐந்து ஆட்டம் ஜெயித்திருக்கிறோம். உட்கார்ந்து படி.

முதலில் எறும்பிடம் பந்தைக் கொடுத்தேன். உடனே ஆட்டம் ஆட்டம் மாதிரி ஆனது. ஆனாலும் கடைசிக் கால்பகுதியில் ஒவ்வொரு முறையும் சரிந்தோம். மூன்று கால்பகுதி முன்னால் இருப்பது, நான்காவதில் தொப்பென்று விழுவது. திறமை இருக்கிறது, கால் இல்லை. களத்தில் ஐந்து வருஷம் நின்றவனுக்கு இது தெரியாதா? ஓட்டத்தைக் குறைத்தேன். ஆளை விரட்டாமல் அவரவர் இடத்தைக் காத்து நில்லுங்கள் என்று தடுப்பை மாற்றினேன். அந்த மாதிரித் தேர்வு எல்லாம் இதில் இருக்கிறது என்று எனக்கு முதலில் தெரியாது. இதைச் செய்தவன் ஆட்டம் தெரிந்தவன்தான், நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

அம்மா வெள்ளிக்கிழமை மதியம் அடுப்பைச் சிறிதாக்கிவிட்டு வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நிற்கிறார். "அந்த எறும்பு சாப்பிட்டானாடா?" என்று கேட்டார். அவன் நிஜ ஆள் இல்லை என்று சொன்னேன். "அதுக்கு? முகம் வாடியிருக்கு பாரு" என்றார். படத்தில் எல்லோருக்கும் ஒரே முகம்தான்.

இப்போது ஒரு கேள்வி. ஏன் களைக்கிறார்கள் என்று பார்க்க ஒவ்வொருவன் காய வரலாற்றையும் திறந்தேன். தூண்: வலது முழங்கால். எறும்பு: இடது முழங்கால், இரண்டு முறை. பெஞ்சில் இருக்கும் மூவர்: முழங்கால், முழங்கால், முழங்கால். பன்னிரண்டு பேரில் ஐந்து. தூணை விட்டால், மற்ற நால்வரும் வேறு அணிகள் கழித்துவிட்டவர்கள். கழித்த அன்றே நீ எடுத்திருக்கிறாய். இந்த லீக்கில் எவன் முழங்கால் போனாலும் அவன் வந்து சேர்கிற இடம் நாரைகள். பல் டாக்டர் நம் அணியை ஆஸ்பத்திரி என்றுதான் சொல்கிறாராம். ஆறு வருஷமாக நீ கோப்பை வாங்காததற்குக் காரணம் இதுதான் என்றும் சொன்னார்.

கணக்கிலும் அளவிலும் நீ புலி. இதை ஏன் இப்படி நடத்துகிறாய்?

அண்ணன்


மார்ச் 19

அண்ணா,

அணி நடத்துவதில் ஒவ்வொருவருக்கும் ஒரு முறை இருக்கும். அது என் முறை. அப்படியே விட்டுவிடு.

(இதை எழுதி நான்கு நாள் ஆகிவிட்டது. லாரி வர இன்னும் ஒரு நாள் இருக்கிறது. மிச்சத்தையும் எழுதிவிடுகிறேன்.)

இந்த விளையாட்டை நான் ஆரம்பித்ததே நீ எதை இழந்தாய் என்று தெரிந்துகொள்ளத்தான். எனக்குக் கூடைப்பந்து பிடிக்கும் என்றெல்லாம் இல்லை. உன் மாநிலத் தேர்வு அணி, உன் பெயர் வரவேண்டிய பட்டியல், அதற்குப் பிறகு நீ போயிருக்கக்கூடிய தூரம், இதையெல்லாம் யாரிடமும் கேட்க முடியாதே. அதனால் ஓர் அணியை வாங்கி உட்கார்ந்து பார்த்தேன். முதல் வருஷமே ஒரு பையனுக்கு முழங்கால் போனது, உனக்குப் போன மாதிரியே. இருபத்திரண்டு வயது. அவனுடைய மேனேஜர் அடுத்த நிமிஷமே அவனைக் கழித்தார். நான் எடுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு யாரையும் விட முடியவில்லை. அவன்தான் எறும்பு.

அசட்டுத்தனம் என்று தெரியும். பல் டாக்டர் ஒருமுறை விடாமல் கேட்டபோது, "என் அண்ணன் ஒருத்தன் இருக்கான்" என்று மட்டும் சொன்னேன். அந்த அண்ணன்தான் நீ.

மலை மேலே உட்கார்ந்திருப்பதால் எழுத வருகிறது. நேரில் என்றால் வராது. பதில் எழுதவேண்டியதில்லை. ஆட்ட முடிவு மட்டும் எழுது.

தங்கை


மார்ச் 30

பாப்பா,

இந்தக் கடிதத்தை மூன்று முறை கிழித்துவிட்டு எழுதுகிறேன். நடுவில் நிறுத்தாமல் கடைசிவரை படி.

போன வெள்ளி பட்டியல் இறுதி செய்யும் நாள். நான் புதிதாக ஒரு நல்ல ஓட்டக்காரனை எடுத்திருந்தேன், அவனோடு பதிமூன்று பேர். விதி பன்னிரண்டு. ஒருவனை அனுப்ப வேண்டும். முழங்கால்காரர்களைத் தொடக் கூடாது என்று நீ சொல்லியிருக்கிறாய். மிச்சத்தில் பார்த்தால், பெஞ்சின் கடைசியில் ஒருவன். நீ பெயர்கூட வைக்காதவன். இருபத்திரண்டு வயது. காயமே கிடையாது. திறன் ஐம்பத்து நான்கு, எட்டக்கூடிய உச்சம் ஐம்பத்தெட்டு. அதாவது அவன் எவ்வளவு உழைத்தாலும் அவ்வளவுதான். "இந்த வீரரை விடுவிக்கவா?" என்று கேட்டது. "ஆம்" என்று அழுத்தினேன். பட்டியலிலிருந்து அவன் பெயர் போய்விட்டது. ஒரு சத்தமும் இல்லை.

அம்மா வந்து, "ஏன்டா இப்படி உக்காந்திருக்க?" என்று கேட்கும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

பாப்பா, அது நான்.

நாம் ஸ்கூட்டரிலிருந்து விழுந்தது வியாழக்கிழமை. தேர்வு அணியின் பட்டியலை ஸ்டேடியம் பலகையில் ஒட்டியது அதற்கு முந்தின திங்கட்கிழமை. பன்னிரண்டு பேர். என் பெயர் இல்லை. இரண்டு முறை மேலிருந்து கீழ், ஒருமுறை கீழிருந்து மேல் படித்தேன். கோச் என்னைத் தனியே கூப்பிட்டார். "பதிமூணாவது நீதான். யாருக்காவது அடிபட்டா கூப்பிடுறேன்" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "ஆனா ஒண்ணு சொல்றேன், நீ இதுக்கு மேல வளர்றது கஷ்டம்பா. படிப்ப விட்டுடாத" என்றார். நல்ல மனிதர். சொன்னதும் நிஜம்.

வீட்டில் சொல்ல வாய் வரவில்லை. பட்டியல் அடுத்த வாரம் வரும் என்று சொல்லிவைத்தேன். மூன்று நாள் கழித்து மழையில், மார்க்கெட் வளைவில், நீயும் நானும் கீழே கிடந்தோம். ஆஸ்பத்திரியில் அம்மா எல்லோரிடமும், "லிஸ்ட்ல பேரு வந்திருக்கும், அதுக்குள்ள இப்படி ஆயிடுச்சு" என்று அழுதார். எனக்குக் கால் வலித்தது. ஆனால் அதைக் கேட்டபோது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நிம்மதியாக இருந்தது. தோற்றவனாக இருக்கவேண்டியதில்லை, அடிபட்டவனாக இருந்துவிடலாம். கோச் பார்க்க வந்தார். அம்மா அவரிடமும் அதையே சொன்னார். அவர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். கிளம்பும்போது என் காதருகில் குனிந்து, "நீயே சொல்லிடு" என்றார்.

சொல்லவில்லை. முதலில் நாளைக்கு என்று இருந்தேன். பிறகு நீ வெளியூர்க் கல்லூரி வேண்டாம் என்று இங்கேயே சேர்ந்தாய், என்னைப் பிசியோதெரபிக்கு அழைத்துப் போனாய். அதற்குப் பிறகு சொல்லவே முடியாத அளவுக்கு அது பெரிதாகிவிட்டது. நீ எனக்கு ஒவ்வொரு நல்லது செய்யும்போதும் எனக்குக் கோபம்தான் வரும். டிக்கெட் வாங்கி வந்தாயே, அன்று வந்ததும் அதே கோபம். உன்மேல் இல்லை. என்மேல்தான்; ஆனால் விரல் நீட்டியது உன் பக்கம்.

நீ என் ஆட்டத்தை முடிக்கவில்லை. அது மூன்று நாள் முன்பே முடிந்திருந்தது.

ஆறு வருஷமாக நீ ஒரு பொய்க்காக முழங்கால் போனவர்களைச் சேர்த்துக்கொண்டிருக்கிறாய் என்று தெரிந்த பிறகும் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் மனுஷனே இல்லை.

இந்த வாரம் இரண்டு வெற்றி, ஒரு தோல்வி.

அண்ணன்


ஏப்ரல் 9

கடிதம் வந்தது. படித்தேன்.

இப்போது என்னால் எழுத முடியாது. எதையாவது எழுதிவிடுவேன்.

பன்னிரண்டு வருஷம். பஸ்ஸில் ஜன்னல் சீட்டைக்கூட உனக்கு விட்டுக்கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை ஆட்களை அனுப்ப மறந்துவிடாதே. அது வேறு விஷயம்.


ஏப்ரல் 20

பாப்பா,

உனக்குச் சமாதானம் சொல்ல இதை எழுதவில்லை. நடந்ததைத் தெரிவிக்கிறேன்.

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தார். எதிரே உட்கார்ந்து முழுவதையும் சொன்னேன். "அப்ப லிஸ்ட்ல உன் பேரு இல்லவே இல்லையா?" என்றார். "இல்லம்மா. பதிமூணாவது" என்றேன். இரண்டு துண்டை மடித்து வைத்தார். பிறகு, "லிஸ்ட்டுல நீ இருந்தா என்ன, இல்லாட்டி என்ன. எனக்கு அது ஒண்ணுமில்ல. சின்னவ அந்தக் காலேஜுக்குப் போகாம இருந்தாளே, அன்னிக்கு நீ எங்கடா இருந்த?" என்றார். பக்கத்து அறையில்தான் இருந்தேன். அவருக்கும் அது தெரியும்.

ஐந்து நாள் என்னோடு பேசவில்லை. தட்டு வரும், பேச்சு வராது. வெள்ளிக்கிழமை மதியம் கதவோரம் வந்து நின்று சுவரைப் பார்த்துக் கேட்டார்: "ஜெயிச்சாங்களா?" ஜெயித்தோம் என்றேன். "எறும்பு?" என்றார். பதினோரு புள்ளி என்றேன். "சரி" என்று போய்விட்டார். அவ்வளவுதான் இதுவரை.

உன் அண்ணியிடமும் சொன்னேன். அவளிடம் சொல்லத்தான் அதிகம் பயந்தேன். விபத்தில் ஆட்டம் போன வீரன் என்றுதானே அவளுக்கு என்னை அறிமுகம் செய்தார்கள். அவள், "எனக்குப் பார்த்த மாப்பிள்ளைல நீங்க பதினாலாவது. யாராவது பலகைல ஒட்டினாங்களா?" என்றாள். அன்று வெகு நாளைக்குப் பிறகு வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

நீ திட்டி எழுது. எவ்வளவு நீளமாக இருந்தாலும் சரி.

நாரைகள் நான்காவது இடத்தில். முதல் நான்கு அணி அரையிறுதிக்குப் போகும்.

அண்ணன்


மே 8

அண்ணா,

மூன்று லாரியை வெறுமனே அனுப்பினேன். உனக்குத் திட்டி எழுதியவை நான்கு பக்கம். அவற்றை அனுப்பப் போவதில்லை. உன்னைத் திட்ட ஆரம்பித்து மூன்றாம் பக்கத்தில் சமையல்காரரின் உப்பு வரைக்கும் திட்டியிருக்கிறேன்.

என்ன நடந்தது என்று வரிசையாகச் சொல்கிறேன். முதல் வாரம் சரிவில் நின்று கல் எறிந்தேன். பெரிய கல்லாகப் பார்த்து. இரண்டாம் வாரம் வெறுமையாக இருந்தது. மூன்றாம் வாரம் ஒரு நாள் சுரங்கத்துக்குள் கோணம் எடுத்தேன். ஒருமுறை அளந்தேன், மறுமுறை சரிபார்த்தேன், எழுதினேன், கருவியைப் பெட்டியில் வைத்துவிட்டு நடந்தேன். தலைமை அளவையாளர் பின்னாலேயே வந்து, "என்னம்மா, மூணாவது தடவை?" என்றார். "ரெண்டு போதும் சார்" என்றேன். நானே நின்றுவிட்டேன். நான் எதையும் ஒழுங்காகச் செய்கிறவள் என்பதால் மூன்று முறை பார்க்கிறேன் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அந்த வளைவில் ஒருமுறை தப்பு செய்துவிட்டேன், இனி கை வைத்தால் எதுவும் உடையும் என்ற பயம்தான் அது. அது எப்போது போனது என்று தெரியவில்லை. தேடிப் பார்த்தேன், இல்லை.

வெளியே வந்து ஒரு பாறைமேல் உட்கார்ந்து சிரித்தேன். சமையல்காரர் பயந்து டீ கொண்டுவந்தார்.

அண்ணா, நான் ஒருத்தன் வாழ்க்கையைக் கெடுக்கவில்லை. ஒரு முழங்காலைத்தான் கெடுத்தேன். மழையில் வேகமாகப் போனது என் தவறு. அந்த முழங்காலுக்கு மன்னிப்புக் கேட்கிறேன். வலித்த அந்த எட்டு மாதத்துக்கும் கேட்கிறேன். மிச்சம் எதற்கும் கேட்கமாட்டேன். இப்படி எழுத முடிகிறது என்பதை உனக்கு எப்படிச் சொல்வது? தோளில் ஏதோ இருந்தது என்று இறக்கி வைத்த பிறகுதான் தெரிகிறது.

அந்தக் கல்லூரி விஷயம் வேறு. அது திரும்பி வராது. அதை மன்னிக்கக் கொஞ்ச நாள் ஆகும். ஆகும்போது சொல்கிறேன், நீயாகக் கேட்காதே. இங்கேயே படித்ததால்தான் இந்த வேலை கிடைத்தது என்று யாராவது சொன்னால் அவர்களை நான் சும்மா விடமாட்டேன், நீயும் சொல்லாதே.

அம்மா என்னிடம் கடிதத்தில் இதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. "ஸ்வெட்டர் போட்டுக்கோ" என்று மூன்று முறை எழுதியிருக்கிறார். புரிந்துகொண்டேன்.

நாரைகள்: பெஞ்சில் இருக்கும் மூன்று முழங்கால்காரர்களையும் விடுவித்துவிடு. எனக்கு இப்போது அவர்களிடம் கடன் இல்லை. தூணும் எறும்பும் இருக்கட்டும். பாவம் என்று இல்லை, நன்றாக ஆடுகிறார்கள். நீ அனுப்பிய அந்தப் பெயர் இல்லாதவனை யாராவது எடுத்தார்களா என்று பார்.

தங்கை


ஜூன் 3

பாப்பா,

உன் கடிதத்தைக் கடையில் வைத்துப் பிரித்தேன். முதலாளி கண் சோதனை செய்யும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். வெளியே வந்தபோது, "என்னப்பா, கண்ணுல லென்ஸ் தூள் விழுந்துடுச்சா?" என்றார். ஆமாம் என்றேன். நம்பவில்லை, ஆனால் மேலே கேட்கவுமில்லை.

கல்லூரி பற்றி நானாகக் கேட்கமாட்டேன்.

அரையிறுதியில் ஜெயித்தோம். இறுதியில் பல் டாக்டரின் அணியிடம் இரண்டு புள்ளியில் தோற்றோம். கடைசி எறிதலைத் தூண் விட்டான். வளையத்தைச் சுற்றி வெளியே விழுந்தது என்று திரையில் எழுத்து வந்தது. நான் போட்ட கூச்சலில் உன் அண்ணி கையில் இருந்த கரண்டியோடு ஓடிவந்தாள். அம்மா, "அந்த ரெஃப்ரி சரியில்ல" என்றார். இதில் ரெஃப்ரியே கிடையாது. அம்மா என்னோடு முழு வாக்கியமாகப் பேசியது அதுதான் முதல், அதனால் நான் திருத்தவில்லை.

ஒன்று கவனித்தேன். தோற்றுப்போய் அரை மணி நேரத்தில் பசித்தது. தோற்பது இவ்வளவுதான் என்று இருபத்திரண்டு வயதில் எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

பெயர் இல்லாதவனைத் தேடினேன். யாரும் எடுக்கவில்லை. ஆனால் இப்போது எடுத்திருக்கிறார்கள். நான்தான். பல் டாக்டர் அடுத்த சீசனுக்கு லீக்கைப் பதினான்கு அணியாக்குகிறார். பதிமூன்றாவது அணியை நடத்துகிறீர்களா என்று என்னைக் கேட்டார். பதிமூன்று என்றதும் சிரித்துவிட்டேன், அவருக்குக் காரணம் தெரியாது. சரி என்றேன். என் அணியின் பெயர் நத்தைகள். அவனை எட்டாவது ஆளாக வைத்திருக்கிறேன். ஐம்பத்தெட்டுக்கு மேல் போகமாட்டான். ஆட்டத்துக்குப் பத்து நிமிஷம் தாராளமாக ஆடுவான்.

புது அணிகளுக்கு முதலில் ஆள் தேர்ந்தெடுக்கும் உரிமை உண்டாம். பத்தொன்பது வயதில் ஒருவன் கிடைத்திருக்கிறான். உச்சம் தொண்ணூற்று மூன்று. உன்னிடம் சொல்லியிருக்கக் கூடாதோ?

சீசன் முடிந்ததால் நாரைகளை உன் கையில் ஒப்படைக்கிறேன். இனி நாம் எதிரிகள்.

அண்ணன்


ஜூன் 14

நத்தைகள் அணியின் மேனேஜர் அவர்களுக்கு,

இரண்டு துளையும் செவ்வாய்க்கிழமை சந்தித்தன. நாலு சென்டிமீட்டர் வித்தியாசம். அனுமதிக்கப்பட்டது பத்து. அந்தப் பக்கத்துக்காரர்கள் ஓட்டை வழியே கையை நீட்டினார்கள்; தலைமை அளவையாளர் என்னைத்தான் முதலில் பிடிக்கச் சொன்னார். யாருடைய கை என்று தெரியவில்லை, ஈரமாக இருந்தது, ரொம்ப நேரம் விடவில்லை.

இந்த மகிழ்ச்சியான வேளையில் உங்கள் அணியின் நலனை மனதில் கொண்டு ஒரு யோசனையை முன்வைக்கிறேன். உங்கள் அணி இளசு. பக்குவமான வழிகாட்டி தேவை. எங்களிடம் ஒருவர் இருக்கிறார். அனுபவம் நிறைந்தவர், நிதானமானவர், களத்தில் அவசரப்படுவதே கிடையாது. அவரை உங்களுக்குத் தருகிறோம். பதிலுக்கு அந்தப் பத்தொன்பது வயதுப் பிள்ளையை, சும்மா எங்கள் பக்கம் விட்டுவிட்டால் போதும். கூடவே அடுத்த வருஷம் புது ஆளைத் தேர்ந்தெடுக்க உங்களுக்குள்ள முதல் தேர்வையும் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லமாட்டோம்.

வீட்டு ஆள் என்பதால் இந்தச் சலுகை. மற்றவர்களிடம் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
நாரைகள் அணி மேனேஜர்

பி.கு. ஜூலை முதல் வாரம் வருகிறேன்.


ஜூன் 24

பாப்பா,

உன் "அனுபவம் நிறைந்தவரை" லீக் பதிவேட்டில் பார்த்தேன். முப்பத்தெட்டு வயது. அவசரப்படுவதே கிடையாது என்று நீ எழுதியது உண்மைதான். போன சீசன் முழுவதும் அவர் மொத்தம் ஏழு நிமிஷம் ஆடியிருக்கிறார், அதில் இரண்டு நிமிஷம் காயமாகிக் கீழே கிடந்திருக்கிறார். இவருக்குப் பதிலாக லீக்கிலேயே நல்ல பையனையும், கூடவே ஒரு தேர்வையும் கேட்கிறாய். பகல் கொள்ளை.

கடையில் வைத்துத்தான் படித்தேன். பாதியில் சிரிப்பு வந்து ஒரு லென்ஸ் கோணலாக வெட்டுப்பட்டுவிட்டது. முதலாளி என்ன என்று கேட்டார். "என் தங்கச்சி என்ன ஏமாத்தப் பாக்குறா சார்" என்றேன். "அதுக்கா இவ்வளவு சந்தோஷம்?" என்றார்.

அவருக்கு எங்கிருந்து சொல்வது? பன்னிரண்டு வருஷமாக நீ என்னிடம் ஒரு துண்டு மீனுக்குக்கூடச் சண்டை போட்டதில்லை. கேட்டதெல்லாம் கொடுத்தாய், கேட்காததையும் கொடுத்தாய். உனக்குப் பதினைந்து வயது இருக்கும்போது என் சைக்கிளை ஒரு உடைந்த ரேடியோவுக்கு மாற்றிக்கொண்டு போனாயே, அந்தப் பெண்ணை நான் ஸ்கூட்டர் விபத்திலேயே தொலைத்துவிட்டேன் என்று நினைத்திருந்தேன். முழு ஏமாற்றுக்காரியாகத் திரும்பி வந்திருக்கிறாய்.

அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். "கொடுக்காத" என்றார். உன் அம்மா என் பக்கம்.

என் பதில்: அந்தப் பெரியவரை நீயே வைத்துக்கொள். எறும்பைக் கொடு, உன் அடுத்த இரண்டு வருஷத்து முதல் தேர்வையும் கொடு, பேசலாம்.

நத்தைகள் அணி மேனேஜர்